தீவுக் கல்யாணம்: எல்லாருக்கும் நாமே அறை போடுவதா, அவரவர் பார்த்துக்கொள்வதா?

பெரியக்கா:
தம்பிக்குக் கல்யாணம். பையனும் பெண்ணும் தீவில்தான் என்று முடிவே செய்துவிட்டார்கள். வெள்ளி சாயங்காலம் வந்து சேர்வது, சனி மாலை கல்யாணம், ஞாயிறு கிளம்புவது. 70 பேர். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெரிய ரிசார்ட், 40 அறை. தீவின் மறுபுறம் நாலைந்து வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு நாளைக்கு மூன்று ஃபெர்ரி, கடைசி ஃபெர்ரி சாயங்காலம் 5 மணிக்கு.

தம்பி சொல்வது: "ஒரு லிங்க் அனுப்பிவிடலாம் அக்கா, அவரவர் ரூம் போட்டுக்கொள்ளட்டும்." எனக்கு அது சரியாகப் படவில்லை. நாமே மொத்தமாகப் பிடித்து வைக்க வேண்டும் என்கிறேன். வாடகையை யார் கொடுப்பது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஒரு வாரமாக வீட்டில் இதே சண்டை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தன்வழி:
நான் உங்கள் தம்பி கட்சி. ஒருவருக்குக் கடலைப் பார்த்த அறை வேண்டும், இன்னொருவருக்குப் படுக்க இடம் இருந்தால் போதும். இதை நீங்கள் ஏன் முடிவு செய்ய வேண்டும்?

இன்னொன்று, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். 30 அறை பிடித்து, அதில் 80 சதவீதம் நிரப்பியாக வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் கணக்கு 24. ஆட்கள் 20 அறைதான் எடுத்தார்கள் என்றால் மீதி 4 அறைக்கு இரண்டு இரவு வாடகை உங்கள் தலையில். கல்யாணம் முடிந்து யாருமே படுக்காத கட்டிலுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கரையோரம்:
தன்வழி சொல்லும் 80 சதவீத நிபந்தனை உண்மை. ஆனால் பாதியைத்தான் சொல்கிறார். ரிசார்ட் முன்பதிவு மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அறை பிடிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அவர் சொன்ன உத்தரவாத வகை. இன்னொன்றில் உங்கள் பெயரில் சும்மா ஒதுக்கி வைப்பார்கள். ஒரு தேதிக்குள், பெரும்பாலும் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, யாரும் எடுக்காத அறைகள் பொது விற்பனைக்குத் திரும்பிவிடும். உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. சின்ன எண்ணிக்கை என்றால் இரண்டாவது வகையைக் கேட்டாலே கொடுப்பார்கள். யாரும் கேட்பதில்லை, அதுதான் விஷயம்.

லிங்க் அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது நகரத்தில் சரி. அங்கே ஒரு ஓட்டல் நிரம்பினால் அடுத்த தெருவில் இன்னொன்று. தீவில் அடுத்த தெரு கடல்.

தன்வழி:
ஒதுக்கி வைப்பதோடு நின்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதோடு நிற்கமாட்டார்கள் என்பதுதான் என் பயம். போன வருடம் இப்படி ஒரு தீவுக் கல்யாணத்துக்குப் போனேன். அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. காலை 6:30 யோகா, 8:00 கயாக், 11:00 கடற்கரை கைப்பந்து, 3:00 படகில் டால்ஃபின் பார்க்க, 6:00 சூரிய அஸ்தமனப் புகைப்படம். எல்லாவற்றிலும் தலை எண்ணினார்கள்! கைப்பந்துக்கு வராதவர் யார் என்று வாட்ஸ்அப் குழுவில் கேள்வி. பழைய நண்பன் ஒருவனோடு உட்கார்ந்து அரை மணி பேச முடியவில்லை. மூன்று நாள் லீவு போட்டுப் போய், திரும்பி வந்து அசதிக்கு ஒரு நாள் லீவு போட்டேன்.

அறையும் பகிர்ந்துதான். முன்பின் தெரியாத ஒருவரோடு. மனிதர் தங்கமானவர், ஆனால் அந்தக் குறட்டை!

கரையோரம்:
அது அறை பிடித்ததன் குற்றமா, தாள் ஒட்டியவரின் குற்றமா?

பொழுதுபோக்கு விஷயத்தில் நான் உங்களோடுதான். ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் விருப்பம் உள்ளவர்களுக்கு, போதும். மற்ற நேரத்துக்கு நிழலும் நாலு நாற்காலியும் போடுங்கள், ஜனங்கள் தாங்களே பேசிக்கொள்வார்கள்.

பெரியக்காவுக்கு ஒன்று. ஞாயிறு காலை ஸ்கூபா டைவிங் வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆழத்தில் மூச்சு வாங்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். விமானத்தில் அழுத்தம் குறைந்ததும் அது குமிழாகிவிடலாம். ஒரு முறை முங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டைவிங்காரர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. காலையில் முங்கி, சாயங்காலம் கரைக்கு வந்து, ராத்திரி விமானம் பிடிப்பது விஷப்பரீட்சை. மேலாக மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கலிங்குக்கு இந்தக் கவலை இல்லை.

மருந்துப்பெட்டி:
அறைச் சண்டைக்கு நடுவே ஒரு குறுக்குச் சால். 70 பேரில் பெரியவர்கள் எத்தனை பேர்? ஃபெர்ரியில் ஏறும் சாய்பலகையைப் பார்த்தீர்களா? கடல் ஏறியிருக்கும்போது ஏறக்குறைய சமமாக இருக்கும். வற்றியிருக்கும்போது அதே பலகை செங்குத்தாகச் சரிந்து கிடக்கும். முழங்கால் வலிக்காரர் ஒருவரை நாங்கள் இரண்டு பேர் அணைத்துப் பிடித்து, பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக இறக்கினோம். பின்னால் வரிசையே நின்றுவிட்டது. அவர் முகத்தில் இருந்தது வலி இல்லை, கூச்சம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நேரம் பார்த்து அவர்களுக்கு டிக்கெட் போடுங்கள்.

குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னால் போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். உட்காருவது கீழ்த்தளத்தில், படகின் நடுவில். கண் தொடுவானத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடட்டும்.

தன்வழி:
இதெல்லாம் நல்ல தகவல், அழைப்பிதழோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம். தகவல் கொடுங்கள், முடிவை விருந்தாளியிடம் விடுங்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

கரையோரம்:
விட்டால் என்ன ஆகும் தெரியுமா? பாதிப் பேர் சனி காலை ஃபெர்ரிக்கு டிக்கெட் எடுப்பார்கள், ஒரு இரவு வாடகை மிச்சம் என்று. நான் வேலையில் இருந்தபோது ஒரு கல்யாணச் சனிக்கிழமை காற்று ஏறிவிட்டது, இரண்டு ஃபெர்ரி ரத்து. பதினோரு விருந்தாளிகளும் புகைப்படக்காரரும் அந்தக் கரையில். மணப்பெண் உடுப்பும் அங்கேதான், ஒருவர் மடியில் பெட்டியாக. இங்கே பெண் ஜன்னலோரம் நின்று அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஃபெர்ரி ஓடியது. உடுப்பு நாலரைக்கு வந்தது.

அதனால் கல்யாண உடுப்பு, மோதிரம், கேமராக்காரர், பெற்றவர்கள் வியாழனே தீவுக்குப் போக வேண்டும். மற்றவர்கள் வெள்ளி மதிய ஃபெர்ரியில். கடைசி ஃபெர்ரி வேண்டாம், விமானம் ஒரு மணி தாமதமானால் படகுத்துறை பெஞ்சில்தான் படுக்கை. இதைச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டார்கள். வெள்ளி இரவுக்கு அவர்கள் பெயரில் அறை இருந்தால்தான் வருவார்கள்.

தன்வழி:
சரி, வெள்ளி மதியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், காற்றோடு வாதம் செய்ய முடியாது. ஆனால் தீவில் கல்யாணம் வைப்பது உங்கள் ஆசை, அதற்காக நான் ஒரு இரவு அதிகம் கொடுக்க வேண்டும் என்றால், அந்த இரவு உங்கள் செலவு. இல்லையென்றால் நான் வராததற்குக் கோபிக்கக் கூடாது.

பெரியக்கா:
தன்வழி சொன்ன கடைசி வரி சுருக்கென்று இருந்தது. உண்மைதான். வெள்ளி இரவு வாடகை எங்களுடையது, சனி இரவு அவரவருடையது என்றால் எப்படி இருக்கும் என்று தம்பியிடம் கேட்கப் போகிறேன்.

இன்னொரு சந்தேகம். அன்று பௌர்ணமி. மணலிலேயே மேடை போட்டு, நிலா எழும்போது மாலை மாற்ற வேண்டும் என்று ஆசை. போன மாதம் ஒரு மதியம் போய்ப் பார்த்தோம், அகலமான மணல். இதில் ஏதாவது இருக்கிறதா?

மருந்துப்பெட்டி:
இருக்கிறது. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டித்தான் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். நீங்கள் பார்த்தது வற்றிய நேரமாக இருந்தால், மாலையில் அந்த மணல் பாதிதான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஏற்ற நேரமும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் துறைக்கான ஏற்ற இறக்கப் பட்டியலில் கல்யாணத் தேதியைப் பாருங்கள்.

பெரியக்கா:
பார்த்தோம். ஏற்றம் மாலை 6:10. மாலை மாற்றுவது 6:15.

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "புல்வெளியில் போடலாமா அக்கா" என்றான். அதே மூச்சில் வெள்ளி இரவுக்கு 30 அறை ஒதுக்கச் சொல்லி ரிசார்ட்டுக்கு எழுதச் சொன்னேன், உத்தரவாதம் இல்லாத வகை. எழுதிவிட்டான். மறுபுற வீடுகளின் லிங்கையும் அழைப்பிதழில் போடுவானாம், அறை பகிர விரும்பாதவர்களுக்கு.

தன்வழி:
அந்த லிங்க் எனக்கும் வேண்டும்.