குன்னூர் வீட்டுக் குழாய்த் தண்ணீரை எதற்கெல்லாம் பரிசோதிக்க வேண்டும்?

ஒட்டுப்பட்டறைக்காரி:

வணக்கம். குன்னூர் ஒட்டுப்பட்டறைப் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். பழைய ஓட்டு வீடு. கட்டி அறுபது வருஷமாவது இருக்கும் என்று வீட்டுக்கார அம்மா சொல்கிறார். தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வரும் நாளில் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் கறுப்புத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்கிறோம்.

காலையில் சமையலறைக் குழாயைத் திறந்தால் முதல் ஒரு சொம்பு தேயிலைச் சாயம் மாதிரி வருகிறது. அப்புறம் தெளிந்துவிடும். வாயில் வைத்தால் இரும்பு ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி. எட்டு மாதக் குழந்தைக்கு இந்தத் தண்ணீரில்தான் ராகிக் கூழ் காய்ச்சுகிறேன். அதனால்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் பார்த்தேன், 38 காட்டுகிறது. கடைக்காரர் ஆர்.ஓ. மாட்டச் சொல்கிறார். எதையாவது மாட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே கொடுப்பது, என்னவென்று கேட்பது?

மழைச்சாரல்77:

38 என்றால் கேன் தண்ணீர் மாதிரி சுத்தம், அக்கா. காய்ச்சிக் குடித்தால் போதும். நாங்கள் பிறந்ததிலிருந்து இதைத்தான் குடிக்கிறோம்.

பழைய ஆய்வகக்காரன்:

அம்மா, நான் தண்ணீர் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். மேலே தம்பி சொன்னதை முதலில் திருத்திவிடுகிறேன், குழந்தை இருக்கிற வீடு.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பை, அது மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்துக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். கிருமி அதற்குத் தெரியாது. காரீயமும் தெரியாது. காரீயத்துக்கு நம் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப் போல ஐந்து மடங்கு இருந்தாலும் உங்கள் மீட்டர் அதே 38-தான் காட்டும். ஆர்.ஓ.வும் உங்களுக்கு இப்போது வேண்டாம். டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொல்லியிருக்கிறது.

காய்ச்சினால் கிருமி சாகும், சரி. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் தளதளவென்று கொதி வந்தபிறகு மூன்று நிமிடம் விடுங்கள். ஆனால் காரீயமும் நைட்ரேட்டும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

இனி உங்கள் சாயத் தண்ணீர். மலைத் தண்ணீர் மென்நீர். சோப்பு போட்டால் வழுவழுப்பு கையை விட்டுப் போகவே போகாது, பார்த்திருப்பீர்கள். உப்பு குறைந்த, லேசாகப் புளிப்பு பக்கம் சாய்ந்த தண்ணீர், குழாய்க்குள் ராத்திரி முழுவதும் நின்றால் உலோகத்தை அரிக்கும். பழைய ஜி.ஐ. பைப்பில் இருந்து இரும்பு வரும். அதன் துத்தநாகப் பூச்சிலும் பித்தளைக் குழாயிலும் கொஞ்சம் காரீயம் கலந்திருக்கும், அதுவும் வரும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது காரீயம். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு இதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், மூளை வளர்ச்சியைத்தான் பாதிக்கும். அதனால் குன்னூருக்குத் தண்ணீர் வரும் ரேலியா அணையில் எடுத்த மாதிரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது உங்கள் சமையலறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உங்கள் குழாயில் எடுத்தால்தான் உண்டு.

மாதிரி எடுக்கும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து நீட்டுகிறவர்களை வருஷம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதில் வரும் முடிவு பாட்டிலுடைய முடிவு. பாட்டில்களை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

உலோகத்துக்கு இரண்டு மாதிரி. ராத்திரி படுத்தபின் யாரும் குழாயைத் தொடக் கூடாது. ஆறு மணி நேரமாவது தண்ணீர் நிற்க வேண்டும். விடிந்ததும் முதல் சொட்டிலிருந்து ஒரு லிட்டர் பிடியுங்கள். சாயமாக இருந்தாலும் அதைத்தான் பிடிக்க வேண்டும், கொட்டிவிடாதீர்கள். பிறகு ஐந்து நிமிடம் திறந்துவிட்டு இரண்டாவது லிட்டர். முதலாவதில் மட்டும் உலோகம் கூடியிருந்தால் குற்றம் உங்கள் வீட்டுப் பைப்பில். இரண்டிலும் இருந்தால் வெளியே தேட வேண்டும்.

கிருமிக்குத் தனிப் பாட்டில், சுத்திகரித்துக் கொடுப்பார்கள். அடியில் கொஞ்சம் மருந்து இருக்கும், அது தண்ணீரில் உள்ள குளோரினை அடக்குவதற்கு. அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். உலோகக் குழாய் என்றால் வாயைத் தீயில் வாட்டி, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது. ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். இதையும் இரண்டாக எடுங்கள்: தெருவிலிருந்து தண்ணீர் வரும்போது நேரடியாக ஒன்று, தொட்டித் தண்ணீரில் ஒன்று. 100 மில்லியில் ஈ.கோலை, அதாவது மலக் கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி, ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது விதி.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ‘குடிநீர் டெஸ்ட்’ என்று மொட்டையாகக் கேட்டால் கலங்கல், பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு என்று வழக்கமானதைப் பார்த்துத் தருவார்கள். காரீயம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கான கருவி அங்கே இல்லையென்றால் கோயம்புத்தூரில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அங்கீகாரச் சான்றில் குடிநீரில் காரீயம் பார்ப்பது அடங்கியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு வரும்வரை காலையில் முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். குழந்தைக் கூழுக்கு ஓடவிட்டுப் பிடித்ததைக் காய்ச்சி வையுங்கள்.

கேத்தி தோட்டம்:

ஐயா, எங்களுக்கு ஊற்றுத் தண்ணீர். மேலே முழுக்க கேரட்டும் உருளையும்தான். நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய ஆய்வகக்காரன்:

நைட்ரேட்டை முதலில் பாருங்கள், எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். உரம் போட்டு நல்ல மழை பெய்தபின் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. பால்பவுடர் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை வீட்டில் இருந்தால் உடனே பார்த்துவிடுங்கள். கிருமியும் சேர்த்து. பூச்சிமருந்து பார்க்கச் செலவு அதிகம். என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று தோட்டத்தில் கேட்டு, பெயரைச் சொல்லிக் கொடுத்தால் அதை மட்டும் பார்க்கச் சொல்லலாம்.

ஒட்டுப்பட்டறைக்காரி:

ஐயா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் சொன்னபடியே எடுத்தேன். ராத்திரி குழாயில் துணி கட்டி வைத்தேன், இல்லையென்றால் என் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் திறந்துவிடுவார்.

முதல் லிட்டரில் இரும்பு 1.6 மில்லிகிராம், காரீயம் 0.019 மில்லிகிராம். ஓடவிட்டு எடுத்ததில் இரும்பு 0.2. காரீயம் ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்று போட்டிருக்கிறார்கள். தெருக் குழாயில் நேரடியாகப் பிடித்ததில் கிருமி இல்லை. தொட்டித் தண்ணீரில் கோலிபார்ம் என்ற கிருமி வகை இருக்கிறது, ஈ.கோலை இல்லை. அந்தக் 0.019-ஐப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது, ஐயா. ஆறு மாதத்திலிருந்து அந்தக் குழாய்தான்.

பழைய ஆய்வகக்காரன்:

பயப்படாதீர்கள். அது நின்ற தண்ணீரின் அளவு, நாள் முழுக்க வருவது அல்ல. குழந்தை மருத்துவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். தேவைப்பட்டால் ரத்தத்தில் பார்க்கச் சொல்வார். தொட்டி விஷயம் எளிது: மூடி சரியாக மூடுகிறதா பாருங்கள், அடியில் இருக்கும் சேற்றைத் தேய்த்து வெளியேற்றி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்து அரை மணி நேரம் வைத்துக் கழுவிவிடுங்கள். பைப்பை மாற்றத்தான் வேண்டும்.

ஒட்டுப்பட்டறைக்காரி:

மருத்துவரிடம் காட்டினேன், ரத்தம் எடுத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை முடிவு வரும். வீட்டுக்கார அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிளம்பர் சமையலறைச் சுவரோடு போன பைப்பில் ஒரு முழம் அறுத்து அவர் கையில் கொடுத்தார். வெளியே பெயின்ட் அடித்து நன்றாக இருந்த பைப். உள்ளே துரு அடுக்கடுக்காகக் கட்டி, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. அம்மா அதை வெயிலில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்து இரண்டு வீட்டுக்கும் இதே காலத்துப் பைப்தானே என்றார். மூன்று வீட்டுக்கும் சேர்த்து வியாழக்கிழமை வேலை ஆரம்பிக்கிறார்கள். புதுப் பைப் போட்டு எத்தனை நாள் கழித்து மறுபடி மாதிரி எடுக்கலாம், ஐயா?