தம்பியைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாலக்கோட்டுக்காரி (ஞாயிறு, காலை 6.40)

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 24 வயது. பிக்கப் வண்டி ஓட்டுகிறான். மண்டியில் தக்காளி ஏற்றி ஓசூர் பக்கம் இறக்கிவிட்டு வருவான். நேற்று ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும், திரும்பி வரும் வழியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறான். மஃப்டியில் நாலு பேர் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கூட இருந்த பையன் சொல்கிறான். "விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்" என்றார்களாம். அதிலிருந்து அவன் போன் சுவிட்ச் ஆஃப்.

நானும் பெரியப்பாவும் ராத்திரியே பைக்கில் இரண்டு ஸ்டேஷனுக்கு அலைந்தோம். ஒன்றில் "இங்க அப்படி யாரும் இல்லம்மா" என்றார்கள். இன்னொன்றில் காலையில் வரச் சொன்னார்கள். என்ன கேஸ், எந்த ஊர் போலீஸ், ஒன்றும் தெரியவில்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. காலையும் ராத்திரியும் மாத்திரை போட வேண்டும். நேற்று ராத்திரி போட வேண்டியது வண்டியிலேயே கிடக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குக் கை நடுங்குகிறது.

சித்தப்பா மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே கவுண்டி ஷெரிஃப் தளத்தில் பெயரைப் போட்டால் யார் எப்போது ஜெயிலுக்குள் போனார், என்ன குற்றச்சாட்டு, ஜாமீன் எவ்வளவு எல்லாம் வந்துவிடுமாம். இங்கேயும் இருக்கும், தேடு என்றான். விடிய விடியத் தேடினேன். பணம் கட்டு, விவரம் தருகிறோம் என்கிற தளங்கள்தான் வருகின்றன. நம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா (ஞாயிறு, காலை 7.15)

அம்மா, முதலில் அந்தத் தளம் எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி கோர்ட்டுகளில் 27 வருஷமாகக் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் இருப்பது போலப் பெயர் போட்டுத் தேடுகிற பொதுப் பட்டியல் நமக்கு இல்லை.

சட்டத்தில் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 37-வது பிரிவின்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் கைதானவர் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். அதற்கென்று ஏ.எஸ்.ஐ.க்குக் குறையாத அதிகாரி ஒருவரும் இருக்க வேண்டும். ஆனால் ராத்திரி பிடித்தவர் பெயர் விடிவதற்குள் பலகையில் ஏறியிருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யுங்கள். ராத்திரி 9.30-க்குப் பிடித்தார்கள் என்றால் இன்று ராத்திரி 9.30-க்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். பயண நேரத்தை மட்டும்தான் கழிக்கலாம். இது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவிலேயே இருக்கிறது. இன்று ஞாயிறு, கோர்ட் கிடையாது. அதனால் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். எந்த ஸ்டேஷன் என்று தெரிந்துவிட்டால் எந்த ஜே.எம். (மாஜிஸ்திரேட்) என்பதை உள்ளூர் வக்கீல் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ஸ்டேஷனைக் கண்டுபிடிக்க, இரண்டு மாவட்ட கண்ட்ரோல் ரூமுக்கும் போன் போடுங்கள். பாலக்கோடு தர்மபுரி மாவட்டம். கொஞ்ச தூரம் போனால் ராயக்கோட்டை, அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004-ல் பிரிக்கும் வரை எல்லாம் ஒன்றாக இருந்ததால் நம் ஜனங்களுக்கு இது நினைவில் நிற்பதில்லை, ஒரு எஸ்.பி. ஆபீஸை மட்டும் கேட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். "பி.என்.எஸ்.எஸ். 48-வது பிரிவின்படி கைது விவரம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பேசியவர் யார், எத்தனை மணி என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் வரை பதில் இல்லையென்றால், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் பிடித்தார்கள், கார் என்ன நிறம் என்று எழுதி இரண்டு எஸ்.பி.க்கும் இன்றே ஈமெயில் அனுப்புங்கள். நாளைக் காலையில் அதையே விரைவுத் தபாலிலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் தந்தி அடிப்போம். நேரம் பதிந்த தந்திக் காகிதம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. 2013-ல் தந்தியை நிறுத்தியபோது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது.

எஃப்.ஐ.ஆர்.களைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். பதிந்த 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாலியல் குற்றம் மாதிரியான வழக்குகளை ஏற்ற மாட்டார்கள். மாவட்டம், ஸ்டேஷன் தேர்வு செய்து பாருங்கள். கேஸ் நேற்றுத்தான் பதிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பழைய சண்டை சச்சரவு ஏதாவது உண்டா என்று தம்பியின் கூட்டாளிகளைக் கேளுங்கள்.

மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் கையிலேயே வைத்திருங்கள். கைதானவரை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

ஓசூர் அம்மா (ஞாயிறு, காலை 9.05)

கண்ணு, தைரியமாக இரு. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகனை இப்படித்தான் கூட்டிப்போனார்கள். நான் ஓசூரிலேயே நாலு நாள் சுற்றினேன். கடைசியில் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா ஜெயிலில் இருந்தான். பிடித்தது கர்நாடகா போலீஸ் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினால் வேறு மாநிலம், வேறு கோர்ட். காரின் நம்பர் கே.ஏ.வா டி.என்.னா என்று அந்தப் பையனிடம் இப்போதே கேள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எனக்கு நாலு நாள் மிச்சமாகியிருக்கும்.

பாலக்கோட்டுக்காரி (ஞாயிறு, காலை 11.20)

டி.என். நம்பர்தானாம் அம்மா. இப்போது வேறு ஒரு பிரச்சினை. யாரோ போன் செய்து "உன் தம்பி எங்ககிட்டதான் இருக்கான், 15,000 ஜி-பே பண்ணு, கேஸ் இல்லாம விட்டுடறோம்" என்கிறார்கள். தம்பி பெயர், வண்டி எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். காலையில் அவன் போட்டோவோடு என் நம்பரையும் நாலைந்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தேன். பெரியப்பா பணத்தை அனுப்பிவிடலாம் என்கிறார்.

வக்கீல் குமாஸ்தா (ஞாயிறு, காலை 11.31)

அனுப்பாதீர்கள். தம்பியிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்க மாட்டார்கள். நீங்கள் குரூப்பில் போட்டதைப் படித்துவிட்டுப் பேசுகிறார்கள். நம்பரை 1930-க்குச் சொல்லுங்கள், சைபர் குற்றத்துக்கான எண்.

அந்தப் படத்தையும் உடனே எடுத்துவிடுங்கள் அம்மா. பிடித்துப் போனாலே குற்றவாளி என்று ஊர் முடிவு கட்டிவிடும். அமெரிக்காவில் ஜெயிலில் எடுத்த படம், கேஸ் தள்ளுபடியான பிறகும் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். கைதானவர் பெயரைப் பலகையில் போடச் சொன்ன சட்டம், ஆளை ஒளித்து வைக்கக் கூடாது என்பதற்காக வந்தது. நாளைக்கு உங்கள் தம்பிக்குப் பெண் பார்க்கும்போது யாரோ அந்தப் படத்தைக் காட்ட வேண்டாம்.

பாலக்கோட்டுக்காரி (திங்கள், இரவு 8.10)

கிடைத்துவிட்டான். எல்லோருக்கும் நன்றி.

கிருஷ்ணகிரி கண்ட்ரோல் ரூமில் எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பத்து நிமிஷத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டு எந்த ஸ்டேஷன் என்று சொன்னார். பங்குனித் திருவிழாவில் நடந்த அடிதடி கேஸ், தம்பியை நாலாவது ஆளாகச் சேர்த்திருக்கிறார்கள். "வீட்டுக்குச் சொல்லிட்டோம்" என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். எந்த நம்பருக்கு என்று கேட்டால் அவனுடைய நம்பரையே காட்டினார்கள், ராத்திரியிலிருந்து அணைந்து கிடக்கிற அதே போன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் பேசியதில் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் ஒருவர் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே வந்தார். காவலில் இருக்கிறவருக்கு இலவசம் என்றார். யாராவது அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தம்பி இல்லை என்றான். வலிப்பு இருப்பதை வக்கீல் சொல்லி டாக்டர் சீட்டைக் கொடுத்தார். சிறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று ரிமாண்ட் உத்தரவிலேயே எழுதினார்கள். 15 நாள் ரிமாண்ட், கிளைச்சிறை. போகும்போது என்னைப் பார்த்து "மண்டி பாக்கி 2,400 வரணும், வாங்கிடுக்கா" என்றான்.

இனி என்ன செய்ய வேண்டும் ஐயா?

வக்கீல் குமாஸ்தா (திங்கள், இரவு 8.45)

நல்ல செய்தி அம்மா. எஃப்.ஐ.ஆரில் உள்ள குற்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

வக்கீல் நாளை வக்காலத்தில் ஜெயில் வழியாகத் தம்பியின் கையெழுத்து வாங்கி ஜாமீன் மனு போடுவார். மனு பதிவானதும் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஸ்டேஷனையும் குற்ற எண்ணையும் போட்டால் எந்தத் தேதிக்கு என்று வரும். ரிமாண்ட் மட்டும் ஆன நிலையில் பெரும்பாலும் ஒன்றும் வராது, பயப்படாதீர்கள். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள பிரிவுதான் என்றால் முதலில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டாமா என்பதை வக்கீலிடம் கேளுங்கள். 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு என்றால் அவருக்குப் புரியும்.

நேரில் பார்க்க இ-முலாகாத் தளத்தில் பதியலாம். எந்த நாள், எத்தனை மணி என்று ஜெயிலுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு ஆதாரோடு போங்கள். மாத்திரையைத் தம்பி கையில் கொடுக்க விட மாட்டார்கள். டாக்டர் சீட்டோடு ஜெயில் டாக்டருக்குக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று வாசலிலேயே சொல்லுங்கள். ரிமாண்ட் உத்தரவு நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டியிருக்கும். பெரியப்பாவை வீட்டு வரி ரசீதை இப்போதே தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டுக்காரி (திங்கள், இரவு 9.02)

ரசீது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது ஐயா, எடுத்துவிட்டோம். மாத்திரை அட்டை மூன்று, சீட்டு, நகல் எல்லாம் ஒரு மஞ்சப் பையில் போட்டிருக்கிறேன். காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம்.