சீனி வியாதியும் பெண்களின் வயிறும்: உடம்பா, வேலையா?

மஸ்கெலியாக்காரன்:
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சீனி வியாதி (நீரிழிவு) உள்ள பெண்கள் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். இரண்டு வாய் ரொட்டி தின்றதுமே வயிறு நிறைந்து, மாலைவரை கல்லாகக் கிடக்கிறதாம். இது பெண் உடம்பின் இயல்பு என்று இங்கே எழுதப்பட்டிருந்தது. நான் ஏற்கவில்லை. விடியுமுன் அடுப்படி, பிறகு வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு, பிறகு கொழுந்து பறிக்கும் மலை. மலையில் கழிப்பறை இல்லை என்பதால் தண்ணீரையும் தவிர்க்கிறார்கள். கொழுந்தை எடைபோட்ட பிறகுதான் சோறு. எந்த வயிறு தாங்கும்?

பதுளை டீச்சர்:
எழுதியது நான்தான் அண்ணன். அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் யாரும் கொழுந்து பறிப்பதில்லை. அங்கும் இரைப்பை மந்தம், அதாவது சாப்பாடு இரைப்பையை விட்டு மிக மெதுவாகப் போகும் நோய், ஒரு லட்சம் பெண்களில் 37.8 பேருக்கு, ஆண்களில் 9.6 பேருக்குத்தான். இரைப்பை தளர நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வேண்டும். அதை உண்டாக்கும் நொதி இரட்டையாகச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். நீரிழிவு வந்த பெண் எலிகளில் அந்தச் சேர்க்கை குலைந்ததை 2007இல் காட்டினார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோ உயிரணுவின் உட்கருவுக்குள்ளேயே போய், எந்த மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை மாற்றக்கூடியது. இதற்கும் பெரட்டுக்கும் என்ன சம்பந்தம்?

மஸ்கெலியாக்காரன்:
அந்த 37.8 நீரிழிவுக்காரர்களின் கணக்கு மட்டுமல்ல, காரணமே தெரியாதவர்களும் அதில் அடக்கம். எலிகளுக்கோ மருந்து ஏற்றிக் கணையத்தைக் கெடுத்தார்கள். அது நீரிழிவின் முதலாம் வகையைப் போன்றது. நம் லயக் குடியிருப்புகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. எலியின் வயிற்றை வைத்து எங்கள் அக்காமாரின் வயிற்றை அளக்காதீர்கள்.

பதுளை டீச்சர்:
எலி விடயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் நோயே இல்லாத பெண்களுக்கும் ஆண்களைவிட இரைப்பை மெதுவாகத்தான் காலியாகிறது. அது மனிதர்களில் அளந்தது.

ஹட்டன் மருந்தகம்:
இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களைக் கவனியுங்கள். சாப்பாடு இரைப்பையிலேயே கிடக்கும்போது இன்சுலின் முந்திக்கொண்டால் சீனி தடாலென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, சரிவில் கூடையோடு விழுந்தால் யார் பொறுப்பு? சாப்பிட்டதும் வயிறு நிறைகிறது என்பதைக் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சீனி வியாதி மாத்திரையான மெட்ஃபோர்மினும் வயிற்றைக் குழப்பும், அதற்காகத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம்.

மஸ்கெலியாக்காரன்:
சொல்லலாம். கிளினிக் நாளில் அரைநாள் பெயர், அதாவது அரைநாள் சம்பளம், வெட்டப்படும். அதற்கு எந்த மரபணு காரணம், டீச்சர்?