பழைய துணி கண்டெய்னரா, காசா? வெளிநாட்டு ஏழைகளுக்கு நம்மால் ஆனது

பிறை_பாலா
தைப்பூசத்தை ஒட்டி பினாங்கு இளைஞர் அணி ஒன்று பழைய துணி, டின் உணவு, பள்ளிப்பை எல்லாம் திரட்டி 20 அடி கண்டெய்னரில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் போகிறது. காசு கொடுக்க முடியாதவர் வீட்டிலும் உடுத்தாத சட்டை பத்து இருக்கும். எல்லாரும் கைகொடுக்க இதைவிடச் சுலபமான வழி உண்டா? இருந்தால் சொல்லுங்கள், நொட்டை மட்டும் சொல்லாதீர்கள்.

செந்தூல்_கணக்கன்
கணக்கே சொல்கிறேன். 20 அடி பெட்டிக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம். துணியை மெஷினில் அழுத்தி 45 கிலோ பேலாகக் கட்டினால்தான் நிறையும். குப்பைப் பையில் திணித்து அடுக்கினால் பாதி காற்று, அதற்கும் சேர்த்துக் கப்பல் கூலி. அந்தப் பக்கம் பெட்டியை எடுக்க ஒரு இறக்குமதியாளர் பெயர் வேண்டும், பொருள் பட்டியல் வேண்டும், பல நாடுகளில் பழைய துணிக்குப் புகைமருந்து அடித்த சான்றிதழும் வேண்டும். ஒரு தாள் குறைந்தால் பெட்டி துறைமுகத்தில் நிற்கும். இலவச நாள் முடிந்ததும் நாள்வாடகை ஏறும். வாடகை சரக்கின் விலையைத் தாண்டிவிட்டால் அதை எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

வரியும் உண்டு. ருவாண்டா 2016இல் பழைய துணிக்கான வரியைக் கிலோவுக்கு 20 அமெரிக்க சென்ட்டிலிருந்து 2.50 டாலருக்கு ஏற்றியது, உள்ளூர்த் தையல் தொழில் பிழைக்க வேண்டும் என்று. அந்தக் கண்டத்தில் பழைய துணிக்குப் பஞ்சமே இல்லை. கானாவின் கண்டமாண்டோ சந்தை அதனால்தான் ஓடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரத்தில் யாரும் தொடாத பழந்துணி குவிந்து கிடந்ததே, மறந்தாச்சா?

துணி திரட்டுவதில் தப்பில்லை. இங்கேயே பழந்துணி வாங்கி விற்கிற பண்டல் கடைக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு, வந்த காசை அனுப்புங்கள்.

ஜெலுத்தோங்_தேவி
காசு சரி, எதற்கு? 2023இல் மலேரியாவால் செத்தவர்கள் ஏறக்குறைய 597,000 பேர். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆப்பிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். மருந்தூட்டிய கொசுவலை ஒன்று இரண்டு மூன்று டாலர்தான். இரண்டு பேர் படுக்கலாம், மூன்று வருடம் தாங்கும் என்று கணக்கு. அகைன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் இதை மட்டுமே செய்கிற அமைப்பு. 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) நாலைந்து வலை போகும்.

இதிலும் சிக்கல் உண்டு. பல இடங்களில் கொசு, வலையில் ஊட்டுகிற பைரித்ராய்டு மருந்துக்குப் பழகிவிட்டது, அங்கே பழைய ரக வலையின் பயன் குறைவு. அந்த மருந்தை மீண்டும் வேலை செய்ய வைக்கிற பிபிஓ சேர்த்ததோ இரண்டு மருந்து ஊட்டியதோ கொடுக்கிறார்களா என்று பாருங்கள். துவைத்து வெயிலில் காயப்போட்டாலும் மருந்தின் வீரியம் போகும், நிழலில்தான் உலர்த்தணும். கொடுத்துப் படம் எடுத்ததோடு விடாமல், சில மாதம் கழித்து வீட்டுக்குள் போய் வலை தொங்குகிறதா என்று எண்ணுகிற அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள்.

பிறை_பாலா
துணி துறைமுகத்திலாவது நிற்கும், காசு போனால் போனதுதான். கிவ்டைரக்ட்லி ஏழைகளின் கைப்பேசிக்கே நேராகப் பணம் போடுகிற அமைப்பு. கொங்கோவில் 2022இல் சுமார் 900,000 டாலரை அவர்கள் ஆட்களே சுருட்டினார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செந்தூல்_கணக்கன்
அதை அவர்களே வெளியே சொன்னார்கள். நம் சங்கங்களின் ஆண்டறிக்கையில் அப்படி ஒரு வரி வருமா? அதே அமைப்பு கென்யாவில் பத்தாயிரம் குடும்பங்களுக்கு மேல் தலா ஆயிரம் டாலர் அளவில் கொடுத்ததை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். ஒரு டாலர் போன இடத்தில் வட்டாரப் பொருளாதாரம் இரண்டரை டாலர் அளவுக்குப் பெருகியது. பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்கும் நன்மை, விலைவாசியும் ஏறியதாகச் சொல்ல முடியாது.

பட்டர்வொர்த்_குரல்
2022இல் நம் மலேசியாவில் வறுமைக்கோடு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. 6.2 விழுக்காட்டுக் குடும்பங்கள் அதற்கும் கீழே. அவர்களைத் தாண்டிக் கென்யாவா? வெளிநாட்டு அமைப்புக்கு நேராக அனுப்பினால் வரிக்கழிவும் இல்லை. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிக்கலாம். ரசீதில் அங்கீகார எண் இருக்கணும், ஏழு வருடம் பத்திரமாக வைக்கணும்.

ஜெலுத்தோங்_தேவி
2,589 வெள்ளியை நாலு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு நாளுக்கு 21 வெள்ளி சொச்சம். உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு, உள்ளூர் விலைவாசிக்கு ஈடுகட்டிய பிறகும், நாளுக்கு 3 டாலர். இரண்டும் கஷ்டம்தான், ஒரே கஷ்டம் இல்லை.

லெபோ_பசார்_ரவி
கென்யாவா, பட்டர்வொர்த்தா என்று இழுத்துக்கொண்டே இருங்கள். ரொட்டி சானாய் வீசுகிற ராமநாதபுரத்துத் தம்பியின் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பமே இருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க: குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, 2025 ஆகஸ்ட் முதல் சின்னக் கடைக்கும் அதே. அதை 26ஆல் வகுத்து, பிறகு 8ஆல் வகுத்தால் மணிக்கு 8.17. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12.26 வெள்ளி. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அரசு வாங்குகிற லெவியை முதலாளி கட்டணும், சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பது குற்றம்.

காசு அனுப்பும்போது "கட்டணம் இலவசம்" என்கிற பலகையை நம்பி ஏமாறாமல் இருக்க உதவுங்கள். கட்டணம் இல்லாவிட்டாலும் மாற்று விலையில் எடுத்துவிடுவார்கள். சந்தையில் ஓடுகிற நடு விலை வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடை 19.60 கொடுத்து, 10 வெள்ளி கட்டணமும் எடுத்தால், 1,000 வெள்ளிக்கு ஊரில் 19,404 ரூபாய், நட்டம் 3 விழுக்காடு. அதே கடையில் 300 வெள்ளி அனுப்பினால் 5,684 ரூபாய், நட்டம் 5 விழுக்காட்டுக்கு மேல். அதனால் வாரம் வாரம் துண்டு துண்டாக அனுப்பாமல் மாதம் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். எங்கே போனாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஆயிரம் கொடுத்தால் அங்கே கையில் எத்தனை ரூபாய் விழும்?" மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் இருக்கிறதா என்றும் பார்க்கணும்.

பட்டர்வொர்த்_குரல்
எல்லாம் கடைக்காரன் தலையில்! ரொட்டி விலை ஏறினால் முதலில் திட்டுவது இங்கே எழுதுகிற நீங்கள்தான்.

லெபோ_பசார்_ரவி
திட்டட்டும். சம்பளம் சட்டம் சொன்னபடி.

பிறை_பாலா
துணி வசூல் நடக்கத்தான் செய்யும், பண்டல் கடையை விசாரிக்கிறோம். பள்ளிப்பையையும் எடைக்குப் போடச் சொல்கிறீர்களா?

செந்தூல்_கணக்கன்
வேண்டாம். ஜிப் ஓடுகிறதா, தோள்பட்டை தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பிரித்து, பள்ளி திறக்கும் முன் பட்டர்வொர்த் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைக் கேளுங்கள், எத்தனை வேண்டும் என்று. டின் உணவும் இங்கேதான். காலாவதித் தேதிக்கு ஆறு மாதமாவது இருப்பதை மட்டும் வாங்குங்கள், நசுங்கியது, உப்பியது ஒன்றும் வேண்டாம்.