ஒரே காட்சி, ஐந்து வெளிச்சம்

முதல் பதிவு

நாடக அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லி இங்கே கேட்டிருந்தீர்கள். பாரிஸில் ஒரு மாணவர் குழுவோடு விளக்கு வேலை பார்த்த கதையைச் சொல்கிறேன்.

ஐரோப்பிய நாடக வரலாற்றை ஒரே நாளில் நிகழ்த்திக் காட்ட வேண்டும் என்று ஆசை. பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிஸ் முதல் இருபதாம் நூற்றாண்டின் பெக்கெட் வரை துண்டு துண்டாக ஒட்டிப் பார்த்தோம், பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. கடைசியில் ஒரே காட்சியை வைத்துக்கொண்டோம். சோபாக்ளிஸின் நாடகத்தில், தடையை மீறி இறந்த உடன்பிறந்தவனுக்கு மண் போட்ட ஆன்டிகனி, மன்னன் கிரியோன் முன்னால் நிற்கும் காட்சி. வசனம் மாறாது, வெளிச்சம் மட்டும் மாறும்.

முதல் தடவை பிற்பகல் வெயிலில், முற்றத்தில். ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் சரிவில் பகலில்தான் ஆடினார்கள். நடிகர்மேல் விழுந்த வெயில்தான் ஊர்மேலும் விழுந்தது. "இவர்களும் என் பக்கம்தான், பயம் வாயைக் கட்டியிருக்கிறது" என்கிற பொருளில் ஆன்டிகனி ஒரு வரி சொல்வாள். அந்தப் பெண் அதைச் சொல்லிக்கொண்டே பார்வையாளர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்தவரும் குனிந்தார்.

இரண்டாவது, உள்ளே மெழுகுவர்த்தி. பதினேழாம் நூற்றாண்டு அரங்குகளில் பார்வையாளர் கூடத்துக்கு மேலேயும் விளக்குகள் எரிந்துகொண்டேதான் இருந்தன. திரி நறுக்க அப்போது தனி ஆள் இருந்தார். இங்கே அது நான். நடிகர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கத்தரியோடு நடுவில் போய்க் கரிந்த திரியை வெட்டுவேன். யாருக்கும் அது இடைஞ்சலாகத் தெரியவில்லை.

மூன்றாவது, எரிவாயு விளக்கிலிருந்து மின்சார விளக்குக்கு மாறிய காலம். 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் தியேட்டர் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே மாதம் 28ஆம் தேதி லண்டன் சவாய் அரங்கில் அதன் உரிமையாளர் டோய்லி கார்ட் எரிகிற பல்பை மேடையிலேயே உடைத்து, தீப்பிடிக்காது என்று காட்டினார். எங்கள் கிரியோனும் ஒரு பல்பை உடைத்தான். கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

நான்காவது இருட்டு. ஜெர்மனியின் பைராய்ட்டில் 1876இல் இசையமைப்பாளர் வாக்னர் தன் அரங்கின் கூடத்தை இருட்டாக்கினார் அல்லவா, அது. ஆன்டிகனி அதே வரியை இருட்டைப் பார்த்துச் சொன்னாள். "யாரிடம் பேசுகிறேன் என்றே தெரியலை" என்று பிறகு என்னிடம் வருத்தப்பட்டாள். ஆனால் எனக்கு விளக்குப் பலகையிலிருந்து கேட்டது வேறு. மூக்கை உறிஞ்சும் சத்தம், மூன்று நான்கு இடங்களில். வெயிலில் தலை குனிந்த அதே ஆட்கள் இருட்டில் அழுதார்கள். எது பெரிது என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஐந்தாவதாக, இது நாடகம்தான் என்று பார்வையாளர் மறக்கக் கூடாது என்று நினைத்த ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் பாணி. விளக்குகளை மறைக்காமல் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் வெள்ளையாக எரியவிட்டோம். ஒத்திகை போதாமல் அந்தப் பகுதி மட்டும் சரியாக அமையவில்லை.

மறுமொழி

அக்கா, படித்ததும் ட்ரொட்னிங்ஹோம் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் அரண்மனையை ஒட்டிய அரங்கு, 1766இல் கட்டியது. ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1792இல் முகமூடி விருந்தில் சுடப்பட்டு இறந்த பிறகு கவனிப்பாரற்றுப் போய், 1921இல்தான் மறுபடி கண்டெடுத்தார்கள். கயிறு, உருளை, திரைச்சீலை எல்லாம் அப்படியே இருந்ததாம். அங்கே ஒரு ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் நாடகம், பார்த்தேன். மெழுகுவர்த்தி மாதிரி நடுங்குகிற மின்விளக்குகள். பாடுகிறவர் முகம் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம் தெரிந்தது. அவர் எந்த இடத்தில் சிரித்தார் என்று பார்த்துப் பார்த்து நானும் சிரித்தேன், எனக்கு அந்த மொழி தெரியாது.

திரி நறுக்கியபோது கை சுட்டதா? மறுபடி செய்தால் சொல்லுங்கள், வருகிறேன்.

முதல் பதிவர்

சுட்டது தம்பி, கட்டைவிரலில். வாங்க. பிரெக்ட் பகுதியை முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்கு ஏணி பிடிக்க ஆள் இல்லை.