வாழைப்பழக் காட்சியை வைத்து ஆய்வேடு எழுத முடியுமா?

கேள்வி: பாப்பிரெட்டிப்பட்டி மாணவி

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்து இதழியல் முதுகலையில் சேர்ந்து, திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் வரும் நகைச்சுவையை ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். சென்ற மாதம் வகுப்புக் கருத்தரங்கில், 1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியைப் பற்றிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை படித்தேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பேராசிரியரோ, “இதில் நீ எழுதியது எது, கவுண்டமணியும் செந்திலும் பேசியது எது?” என்று கேட்டுக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது கோபம் வந்தது உண்மைதான். வீட்டில் எடுத்துப் பார்த்தபோது ஒன்பது பக்கம் வசனமாகவும், மீதி மூன்று பக்கத்தில் ‘மிகச் சிறப்பு’ என்ற சொல் ஏழு இடங்களிலும் இருந்தன. நகைச்சுவையைத் திரும்பச் சொல்லாமல் அதைப் பற்றி எழுதுவது எப்படி? இதற்கென்று தனிப் படிப்பு எங்கேனும் உண்டா?

மறுமொழி: சேலத்து ஆசிரியர்

தனிப் படிப்பு வெளிநாட்டில் உண்டு. பாஸ்டன் நகரத்து எமர்சன் கல்லூரி நகைச்சுவைக் கலைக்கென்றே இளங்கலைப் பட்டம் தருகிறது. நம் பக்கத்தில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இதழியல், மக்கள் தொடர்பியல் துறை இருக்கிறது. ஆய்வேட்டுப் பொருளை அங்கே உங்கள் நெறியாளரோடு பேசி முடிவு செய்யலாம். சென்னை தரமணியில் உள்ள அரசு திரைப்படக் கல்லூரி படமெடுக்கக் கற்றுத்தரும் இடம். உங்கள் தேவை வேறு.

ஆனால் தமிழ் படித்த உங்களுக்கு முதல் கருவி கையிலேயே இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், மனத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். பேதைமை என்பது அறியாமை; மடன் என்பது, உரையாசிரியர் சொற்படி, கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை, அதாவது பிறர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பிடித்ததை விடாமலிருப்பது. ஒரு ரூபாய்க்கு வாங்கிவரச் சொன்ன இரண்டு பழங்களில் ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றொன்று எங்கே என்று எத்தனை முறை எப்படிக் கேட்டாலும் கையில் இருப்பதையே காட்டுகிற செந்திலிடம் இருப்பது இவற்றில் எது? அவர் உண்மையிலேயே புரியாமல், பிடித்ததை விடாமல் நிற்கிறார் என்றால் அது மடன். புரிந்தும் புரியாதவர்போல நிற்கிறார் என்றால், அடி வாங்குகிறவரே அடிப்பவரை எள்ளுகிறார் என்றாகிறது. காட்சியின் பொருளே தலைகீழாகிவிடும். இந்த ஒரு கேள்விக்கு முகபாவனையையும் குரலையும் சான்றாக வைத்து விடை எழுதினால், வசனத்தில் நான்கு வரிக்கு மேல் எடுத்தாள வேண்டிய தேவையே வராது.

மறுமொழி: காவேரிப்பட்டணத்துக்காரர்

ஆசிரியர் நூலிலிருந்து தொடங்கினார்; நான் கூத்துக் களத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் என் பெரியப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் கட்டியக்காரன், அதாவது கூத்தின் கோமாளி, வேடம் கட்டியவர். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்க, திரைக்கு முன்னால் நின்று அவனை யாரென்று விசாரிப்பது கட்டியக்காரன் வேலை. ஓர் ஆண்டு பெரியப்பா, “மகாராஜாவே, அத்தினாபுரத்தில் பெங்களூரா மாங்காய் கிலோ என்ன விலைக்குப் போகிறது?” என்று கேட்டார். மாங்கூழ் ஆலைகள் விலையை இறக்கியிருந்த நேரம் அது. தோட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் உடனே வெடித்தது. பெங்களூரிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த உறவினர்கள் பக்கத்து முகங்களைப் பார்த்த பிறகே சிரித்தார்கள்.

யார் முதலில் சிரிக்கிறார்கள், யார் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், தங்கையே. திரையில் மட்டும் சிரிப்பைத் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

மறுமொழி: ஓசூர் படத்தொகுப்பாளர்

நான் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வெட்டி ஒட்டிப் பிழைப்பவன் என்பதால், இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: இடைவெளி. நாடக மேடையில் நடிகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைச் சொல்லலாம். படப்பிடிப்புத் தளத்தில் சிரிக்க ஆளில்லை. திரையரங்கில் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை முன்கூட்டியே கணித்துத் தொகுப்பாளர்தான் இடம் விட வேண்டும். குறைத்து விட்டால் அடுத்த வரி சிரிப்பில் மூழ்கிப்போகும். கூட்டி விட்டால், அதே படத்தைத் தனியாகக் கைப்பேசியில் பார்ப்பவருக்கு நடிகர்கள் எதற்கோ காத்து நிற்பதுபோல் தோன்றும். 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரை அமெரிக்காவில் பார்வையாளர்களை உட்கார வைத்து மூன்று கேமராக்களில் எடுத்தார்கள். அதனால் நடிகர்களுக்கு மேடையின் காத்திருப்பு திரும்பக் கிடைத்தது. பார்வையாளர் இல்லாமல் எடுத்துவிட்டுப் பின்னால் சிரிப்பொலியை ஒட்டும்போது அந்தக் காத்திருப்பு போலியாகத் தெரிவது இதனால்தான் (என் கையாலும் எத்தனையோ ஒட்டியிருக்கிறேன், மன்னிக்கவும்).

தொலைக்காட்சிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் தமிழ்ப் படங்களைப் பகடி செய்த, விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’வை எடுங்கள். மூலப்படத்தைப் பார்க்காதவருக்குப் பகடியில் பாதி எட்டாது. ஆகவே பார்வையாளருக்கு முன்பே என்ன தெரியும் என்பதும் உங்கள் ஆய்வுக்குள் வந்துவிடுகிறது. காவேரிப்பட்டணத்து அண்ணன் சொன்ன மாங்காய் விலையும் இதுவேதான்.

இன்னொரு பயிற்சி: ஒரு காட்சியை ஒலியில்லாமல் ஒருமுறையும், படமில்லாமல் ஒலியை மட்டும் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியில் தொடங்கலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இரண்டு காட்சிகளையும் வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். வாழைப்பழக் காட்சியை ஒலியில்லாமல் ஓட்டியபோது தம்பிகூடச் சிரிக்கவில்லை. ஒலியை மட்டும் வைத்தபோது அடுப்படியிலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. நாகேஷ் காட்சியில் இது மாறிவிட்டது: நாகேஷின் வாய் எழுப்பும் ஓசைகள் மட்டும் கேட்டபோது எங்களுக்குப் புன்னகைதான் வந்தது, பாலையாவின் முகத்தை ஒலியில்லாமல் பார்த்தபோது தம்பி உருண்டான். பயப்படுத்துகிறவரிடம் இல்லாத சிரிப்பு பயப்படுகிறவரிடம் இருக்கிறது. அச்சமும் நகையும் ஒரே முகத்தில் சேர்ந்து நிற்பதைப் பற்றி உரையாசிரியர்கள் ஏதேனும் சொல்லியிருக்கிறார்களா, ஐயா?