மூஸ் மாடல்: கில்லெஸ்பியில் ஓட்டினாலும் வளைவில் நடுக்கமே இல்லை, உதவுங்கள்

முள்ளெலி:
மூளையின் ஹிப்போகேம்பஸ் சிஏ1 பகுதி நரம்பணுவின் ஸ்பைன் (சின்ன முள் போன்ற புடைப்பு) ஒன்றில் கால்சியம், அதைப் பிடிக்கும் புரதம் கால்மாடுலின், பாஸ்பேட் ஏற்றும் நொதி கேம்கே2, அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி பிபி1 நான்கையும் வைத்து மூஸ் என்ற உருவகப்படுத்தும் மென்பொருளில் மாடல் கட்டியிருக்கிறேன். செறிவுகளை வகைக்கெழுச் சமன்பாடுகளாகக் கணக்கிடும் ஓடிஇ சால்வரில் ஒழுங்காக ஓடுகிறது. கால்சியம் வந்து போன பிறகும் கேம்கே2 பாஸ்பேட்டோடு மேலேயே நிற்கிறது. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணி வினைகளைத் தற்செயலாக நடத்தும் கில்லெஸ்பி முறைக்கு மாற்றினால், ராத்திரி முழுக்க ஓடிவிட்டுக் காலையில் அதே வழவழப்பான கோட்டைத் தருகிறது. ரேண்டம் எண்களுக்கான ஸீடு மாற்றியாயிற்று, மூஸைத் திரும்ப நிறுவியும் ஆயிற்று. கன அளவு 10⁻¹⁶, அதாவது 0.1 ஃபெம்டோலிட்டர்.

பழையகோடு:
சால்வரை விடுங்கள். தொடக்கத்தில் எத்தனை கால்சியம் இருக்கிறது என்று அச்சிட்டுப் பாருங்கள்.

முள்ளெலி:
6022. செறிவு 0.1 மைக்ரோமோலார்தான்.

பழையகோடு:
மாட்டிக்கொண்டது அங்கேதான். அந்தச் செறிவில், அவ்வளவு சின்ன ஸ்பைனில் கட்டுப்படாமல் திரியும் கால்சியம் ஆறு அயனிதான் இருக்க வேண்டும்! 10⁻¹⁶ லிட்டர் கணக்கு. மூஸ் கேட்பது கன மீட்டர், 10⁻¹⁹ போடுங்கள். உங்கள் ஸ்பைன் ஒரு ரத்தச் சிவப்பணு அளவுக்கு வீங்கிக் கிடக்கிறது. ஓடிஇக்குச் செறிவு போதும் என்பதால் அதில் இந்தத் தப்பு வெளியே தெரியாது. நானும் ஒரு காலத்தில் இதில் ஒரு வாரம் தொலைத்தவன்தான்.

முள்ளெலி:
நன்றி அண்ணா, சட்டென்று முடிகிறது. கால்சியம் 2க்கும் 11க்கும் நடுவே துள்ளுகிறது. ஆனால் இப்போது சுவிட்ச் நிற்கவில்லை, அதாவது கேம்கே2 பாஸ்பேட்டோடு மேலேயே நிற்பதில்லை. 50 ஓட்டத்தில் பெரும்பாலானவற்றில் கேம்கே2 தானாகவே விழுந்துவிடுகிறது. வேறு எங்காவது அலகு தப்பா?

நுண்கணக்கு:
கேம்கே2 எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

முள்ளெலி:
துணையலகுக் கணக்கில் 1 மைக்ரோமோலார்.

நுண்கணக்கு:
அப்படியென்றால் 60 துணையலகு. பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஒரு மூலக்கூறு, ஆக மொத்தமே ஐந்து! 1985இல் நரம்பியலாளர் ஜான் லிஸ்மன் முன்வைத்த சுவிட்ச் நிற்பதற்குக் காரணம், பாஸ்பேட் ஏறிய துணையலகு பக்கத்துத் துணையலகுக்கும் ஏற்றிவிடுவது. ஐந்தே இருந்தால் பிபி1 ஒரு நல்ல நேரத்தில் மொத்தத்தையும் துடைத்துவிடும். அலகுத் தப்பா என்று சந்தேகமிருந்தால் செறிவுகளைத் தொடாமல் கன அளவை மட்டும் 2, 4, 8 மடங்காக்குங்கள். நிற்கும் நேரம் மடமடவென்று ஏறினால் தப்பில்லை, எண்ணிக்கைதான் பற்றவில்லை.

முள்ளெலி:
4 மடங்கில் இரண்டு ஓட்டம்தான் விழுந்தது, 8 மடங்கில் ஒன்றுகூட இல்லை. சரி, கன அளவைப் பழையபடி வைத்துக் கேம்கே2 செறிவைக் கூட்டுகிறேன்.

நுண்கணக்கு:
கூட்டுங்கள், நிஜ ஸ்பைனில் 1 மைக்ரோமோலாரைவிட எவ்வளவோ அதிகம். பிபி1ஐயும் பார்த்துக்கொள்ளுங்கள். அது வேலை மிகுந்து திணறினால்தான் சுவிட்ச் நிற்கும், ஆனால் ஒரேயடியாகத் திணறினால் கால்சியம் வராமலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.